ஊறவைத்துச் சேமிப்பதா, சேமித்து வைத்து ஊறவைப்பதா?

பினாங்கில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பலர் விதையை மொத்தமாக வாங்கி ஆண்டு முழுக்கப் பிரித்துப் பிரித்து விதைக்கிறார்கள். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பொதுத் தோட்டம் நடத்தும் குழுவும் அப்படித்தான், தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாத்தி போட்டுக் கொடுக்கும் பெற்றோரும் அப்படித்தான். மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், சாலட் கீரை (லெட்டுஸ்) என்று பொட்டலங்கள் சேர்ந்துவிடும். ஊறவைத்து உலர்த்தின விதை, அதாவது பிரைமிங் செய்த விதை, சீக்கிரமாகவும் சீராகவும் முளைக்கும் என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. அதிலிருந்துதான் இந்தக் கேள்வி பிறக்கிறது. வாங்கின கையோடு எல்லாவற்றையும் பிரைமிங் செய்து காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடாதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது விதை, நல்ல விதை என்றால் அப்படிச் செய்யாதீர்கள். உலர்ந்தபடியே பத்திரமாக வைத்திருந்து, விதைப்பதற்கு முந்தின இரவு ஊறவையுங்கள். பிரைமிங் முளைப்பை வேகப்படுத்துகிறது. பெரும்பாலான காய்கறி விதைகளில் அதே பிரைமிங் சேமிப்பு ஆயுளைக் குறைக்கிறது. விலக்குகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று நமக்கு நன்றாகவே உதவும். ஆனால் எந்தக் கரைசலில் எத்தனை மணி நேரம் ஊறவைப்பது என்று விவாதிப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஊறவைத்த நாளுக்கும் விதைக்கும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம்?

இது ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ள விதைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காய்ந்த விதை தண்ணீர் குடிப்பதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் வேகமாக உறிஞ்சி உப்பும். அடுத்து உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே வேலை மும்முரமாக நடக்கும். சுவாசம் கூடும், பழுதான மரபணு இழைகள் சரிசெய்யப்படும், கிழிந்த செல் சவ்வுகள் ஒட்டும், புதுப் புரதங்கள் உருவாகும். மூன்றாவது கட்டத்தில் முளைவேர் உறையைக் கிழித்து வெளியே வரும். முளைவேர் வந்த பிறகு காயவைத்தால் பெரும்பாலும் நாற்று செத்துவிடும். பிரைமிங் என்பது விதையை இரண்டாம் கட்டத்துக்குள் கொண்டுபோய், மூன்றாம் கட்டத்துக்கு முன் நிறுத்தி, மறுபடி உலர்த்துவது. 1973-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹைடெக்கரும் அவருடைய குழுவினரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் விதையை வைத்து இதைக் கட்டுப்பாட்டோடு செய்து காட்டினார்கள். அந்தக் கரைசல் தண்ணீரைத் தன்னிடம் இழுத்துப் பிடித்துக்கொள்வதால், விதைக்கு முளைவேர் விடும் அளவுக்குத் தண்ணீர் கிடைக்காது. வெறும் தண்ணீரில் ஊறவைப்பதும் பிரைமிங்தான். அங்கே கட்டுப்பாடு நம் கையிலிருக்கும் கடிகாரம் மட்டுமே.

இரண்டாம் கட்டத்தில் விதை முன்னேறிய ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை இருக்கிறது. செடியில் விதை முற்றும்போது, காய்ந்த நிலையில் நெடுநாள் தாங்குவதற்கென்றே சில பொருள்களைச் சேர்த்து வைக்கிறது. ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் அவற்றில் ஒன்று, செல்லுக்குள் தண்ணீர் போன இடத்தைக் காத்து நிற்கும் சில புரதங்கள் இன்னொன்று. முளைக்கத் தொடங்கியதும் விதை இவற்றைச் செலவழிக்கிறது. அதோடு முளைவேர் நுனியிலுள்ள செல்கள் சில, பிரிவதற்கு ஆயத்தமாகத் தங்கள் மரபணுவை இரட்டித்துக்கொள்கின்றன. தக்காளியிலும் மிளகாயிலும் இது அளந்தே பார்க்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் உலர்த்தப்படும் செல் பழைய செல்லைவிட எளிதாகப் பழுதாகும். ஊறின உளுந்தை வெயிலில் காயவைத்து மறுபடி டப்பாவில் போட்டால் அது பழைய உளுந்து ஆகிவிடாது அல்லவா? பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் விதையும் அப்படித்தான்.

இனி வழிகளுக்கு வருவோம்.

மொத்தமாகப் பிரைமிங் செய்து சேமிக்கும் வழிக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது வசதி மட்டுமே. தேவைப்படும் நாளில் எடுத்துத் தூவலாம். பள்ளியில் பிள்ளைகளோடு விதைப்பது என்றால் ஐந்து நாளில் முளை தெரிவதும் பத்து நாளில் தெரிவதும் ஒன்றல்ல. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1992-ல் டார்க்விஸ், பிராட்ஃபோர்ட் இருவரும் சாலட் கீரை விதையில் செய்த ஆய்வு, முளைப்பை முன்னேற்றும் நேர்த்திகள் சேமிப்பில் விதை கெடும் வேகத்தையும் கூட்டுகின்றன என்று காட்டியது. தக்காளியிலும் அதற்கு முன்பே இதே போக்கு தெரிந்திருந்தது. வீரியம் அதிகமுள்ள விதைக்குத்தான் இதில் இழப்பு அதிகம். காசு கொடுத்து வாங்கின நல்ல புது விதையை வாங்கின அன்றே ஊறவைப்பவர், அதன் ஆயுளைத் தானே வெட்டிக்கொள்கிறார்.

இதையெல்லாம் தாண்டி நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் குறிப்புகள் எல்லாம் "ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து சேமிக்கவும்" என்கின்றன. கோயம்புத்தூர் பக்கம் கோடைப் பகலில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். அங்கே நிழலில் பரப்பினாலே விதை காயும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. விதை தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும் பொருள். இந்தக் காற்றில் நெல் போன்ற மாச்சத்து விதை எத்தனை நாள் நிழலில் கிடந்தாலும் ஏறக்குறைய 14 விழுக்காட்டு ஈரத்துக்குக் கீழே இறங்காது. எண்ணெய்ச்சத்து கூடின விதைகளில் அந்த அளவு குறைவு, ஆனால் அவற்றுக்கும் அது சேமிப்புக்கு ஏற்ற அளவல்ல. மூடி ஒட்டின பொட்டலத்தில் வரும் காய்கறி விதை பொதுவாக 5 முதல் 8 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தப்பட்டிருக்கும். நாம் வீட்டுக் காற்றாடியின் கீழ் காயவைத்துவிட்டு "காய்ந்துவிட்டது" என்று நினைக்கும் விதை உண்மையில் பாதி வழியில்தான் நிற்கிறது. ஏற்கெனவே ஆயுள் குறைந்த விதையை ஈரத்தோடும் அடைத்துவிட்டால் இரட்டை நட்டம்.

அது எவ்வளவு பெரிய நட்டம் என்று பார்க்க, கலிஃபோர்னியாவின் விதை ஆய்வாளர் ஹாரிங்டன் தந்த எளிய கணக்கு இருக்கிறது. விதையின் ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே இரட்டிக்கும். இன்னொன்றும் சொன்னார்: ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 100-க்குள் வர வேண்டும். ஜார்ஜ்டவுனில் ஒரு வீட்டு வரவேற்பறை 28 பாகை, அதாவது 82 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 80. கூட்டினால் 162. ஏர்கோன் ஓடும் அறையில் 24 பாகையும் 60 விழுக்காடும் என்று வைத்தால்கூட 135. பிரிட்ஜில் 5 பாகை, அதாவது 41 ஃபாரன்ஹீட். அதற்குள் சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடின கண்ணாடிப் போத்தலில் ஈரப்பதம் 30 என்றால் மொத்தம் 71. நம் ஊரில் 100-க்குக் கீழே கொண்டுவர இதுதான் கைக்கு எட்டின வழி. இந்த விதிகள் தோராயமானவைதான். ஆனாலும் மேசை இழுப்பறைக்கும் பிரிட்ஜிலிருக்கும் போத்தலுக்கும் இடையே ஆயுள் பல மடங்கு மாறும் என்பதைச் சொல்ல இவை போதும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது, உலர்த்தி வைத்துத் தேவையான அன்று ஊறவைக்கும் வழியைத்தான். இது புதுக் கண்டுபிடிப்பில்லை. நம் முன்னோர் விதைநெல்லை வைக்கோலில் சுற்றிக் கோட்டை கட்டி, மேலே சாணி மெழுகி வைப்பார்கள். நாற்றங்கால் உழுது தயாரான பிறகுதான் அந்தக் கோட்டை தண்ணீருக்குள் போகும். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் நெல் வயல்களிலும் விதையை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, இன்னொரு நாள் மூட்டம் போட்டு முளை காட்டினதும் வயலில் தூவிவிடுகிறார்கள். ஊறவைத்த நெல்லை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்க எந்த விவசாயியும் நினைப்பதில்லை.

ஊறவைக்கும் நேரம் பயிருக்குப் பயிர் மாறும். வெண்டை ஓர் இரவு ஊறினால் போதும். பாகலுக்கு உறை தடிப்பு; கூர்முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டு ஓர் இரவு ஊறவைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றை ஒரு நாள் வரை வைக்கலாம், நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். பயற்றங்காய் விதையைத் தண்ணீரில் மூழ்கடித்து வைக்க வேண்டாம். அது வேகமாகத் தண்ணீர் இழுக்கும்போது செல் சவ்வுகள் கிழிந்து உள்ளிருக்கும் சத்து வெளியே கசியும், காற்றும் கிடைக்காது. ஈரத்துணியில் சில மணி நேரம் போதும், நேரே மண்ணில் போட்டாலும் நன்றாகவே வரும். பாயாம், சாவி, கங்குங் ஆகிய கீரைகள் மூன்றும் நம் வெப்பத்தில் தானே சட்டென்று முளைப்பவை, அவற்றுக்குப் பிரைமிங் வீண் வேலை. எதை ஊறவைத்தாலும் கடைசியில் மேல் ஈரம் போகும் வரை துணியில் உருட்டி அன்றே விதைத்துவிடுங்கள். இங்கே முழுதாக உலர்த்தும் வேலையே இல்லாததால் மேலே சொன்ன சிக்கல்களில் பாதி கிட்டவே வராது.

பீஜாமிர்தத்தில் (சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசலில்) நனைப்பவர்களுக்கும், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் தூள் கலந்து விதைப்பவர்களுக்கும் இதே பதில்தான். அங்கே விதையோடு சேர்த்து நுண்ணுயிர்களும் உயிரோடு இருக்க வேண்டும். விதைக்கும் அன்று செய்யுங்கள்.

கடையில் பிரைமிங் செய்தே விற்கும் விதையை வாங்குவது மூன்றாவது வழி. பெரும்பாலும் சாலட் கீரையில் இது கிடைக்கும். களிமண் போன்ற பூச்சு சுற்றி, சின்ன உருண்டைகளாக இருக்கும். நம் ஊரில் இதற்கு உண்மையான பயன் உண்டு என்றே நினைக்கிறேன். சாலட் கீரை விதை குளிர் நாட்டுப் பழக்கம் உள்ளது. பல ரகங்கள் 28, 30 பாகைக்கு மேலே முளைக்காமல் உறங்கிவிடும். குளிரான கேமரன் மலையில் இந்தத் தொல்லை இல்லை. பினாங்குத் தாழ்நிலத்தில் பகல் வெப்பம் 31, 32 வரை போகும். பிரைமிங் அந்த வெப்ப எல்லையைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடுகிறது. அதனால் சாலட் கீரையைப் பெரிய அளவில், சீராக, தட்டுத் தட்டாக வளர்க்கிறவர் இதை வாங்குவதில் தவறே இல்லை.

விதை நிறுவனங்கள் வீட்டில் நம்மால் முடியாத சிலவற்றையும் செய்கின்றன. பிரைமிங் முடிந்த விதையைச் சட்டென்று உலர்த்தாமல், முதலில் சிறிதளவு ஈரத்தை மட்டும் இழக்கவிட்டு அதே நிலையில் சில காலம் வைத்து, பிறகு முழுதாக உலர்த்தினால், இழந்த ஆயுளில் நல்ல பகுதி திரும்ப வருகிறது என்று 1999-ல் ப்ரக்கிங்க் குழுவினர் காட்டினார்கள். அந்த இடைவெளியில் விதை தன் பாதுகாப்புப் புரதங்களைத் திரும்பவும் உண்டாக்கிக்கொள்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் எந்த நிறுவனம் எந்த விதைக்கு இதைச் செய்தது என்பது பொட்டலத்தில் எழுதியிருக்காது. ஆகவே பிரைமிங் செய்த பொட்டலத்தை அந்தப் பருவத்துக்கான செலவாகவே வைத்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் தேதியைப் பாருங்கள். வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கும் கடையில் வாங்காதீர்கள். தள்ளுபடிக்காக ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கினால் அந்தத் தள்ளுபடி நம் கையில் நிற்காது.

நான்காவது வழிதான் முதலில் சொன்ன விலக்கு. இழுப்பறையில் மறந்து கிடந்த பழைய பொட்டலம், ஊரிலிருந்து அத்தை அனுப்பி வைத்த நாட்டு ரக விதை, தேதி தாண்டின மிச்சம். இந்த மாதிரி விதைக்குப் பிரைமிங் வேறு விதமாக வேலை செய்கிறது. பழசான விதையில் மரபணுவும் சவ்வுகளும் ஏற்கெனவே கொஞ்சம் பழுதாகியிருக்கும். இரண்டாம் கட்டத்தில் நடக்கும் பழுதுபார்ப்பு அவற்றைச் சரிசெய்வதால், அங்கே கிடைப்பது இழப்பைவிடப் பெரிதாக இருக்க முடியும். கல்கத்தாவில் பேராசிரியர் பாசு இதைத்தான் நெடுங்காலம் ஆராய்ந்தார்: சேமிப்பின் நடுவில் விதையைக் கொஞ்ச நேரம் ஈரப்படுத்தி மறுபடி உலர்த்தி வைத்தால், அதற்குப் பிறகான ஆயுள் நீள்கிறது. இது நடுத்தர வீரியத்தில் இருக்கும் விதைக்குப் பலித்தது. புது விதைக்குப் பெரிய பயன் இல்லை, செத்துப்போன விதைக்கு எதுவும் உதவாது. ஆக ஒரே நேர்த்தி புது விதையின் ஆயுளைக் குறைக்கவும் பழைய விதையின் ஆயுளை நீட்டவும் கூடும். இந்த இரண்டு வகை ஆய்வுகளையும் கலந்து படித்துவிட்டு "பிரைமிங் ஆயுளைக் கூட்டும்" என்று ஒரு பக்கமும் "குறைக்கும்" என்று ஒரு பக்கமும் சண்டை போடுவதைப் பார்க்கிறேன். இருவரும் சொல்வது சரிதான், பேசுவது வேறு வேறு விதையைப் பற்றி.

உங்கள் விதை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது கடினமில்லை. இருபது விதையை எடுத்து ஈரமான சமையலறைத் தாளில் வரிசையாக வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு நிழலில் வையுங்கள். தினமும் பிரித்து முளைத்ததை எண்ணுங்கள். எத்தனை முளைத்தது என்பதைவிட எத்தனை நாளில் முளைத்தது என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் விதை பழசாகும்போது முதலில் குறைவது வேகம். விழுக்காடு பிறகுதான் சரியும். வேகமாகவும் முழுதாகவும் முளைத்தால் மிச்சத்தைத் தொடாமல் பிரிட்ஜில் வையுங்கள். பாதிக்கு மேல் முளைக்கிறது, ஆனால் இழுத்து இழுத்து முளைக்கிறது என்றால் அந்தப் பொட்டலத்தைத்தான் பிரைமிங் காப்பாற்றும். ஆயுள் நீளும் என்ற தைரியத்தில் அதைத் திரும்பவும் உள்ளே வைக்காமல், ஊறவைத்து இந்தப் பருவத்திலேயே எல்லாவற்றையும் விதைத்து, புது விதை எடுத்துக்கொள்வதே நல்லது. அத்தை அனுப்பின நாட்டு ரகம் கடையில் திரும்பக் கிடைக்காது.

ஓர் எச்சரிக்கை. இங்கே பேசிக்கொண்டிருப்பது உலர்த்தினால் தாங்கும் விதைகளைப் பற்றி மட்டும். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், ரப்பர், கொக்கோ விதைகள் உலர்த்தினாலே செத்துவிடும். செர்டாங்கிலுள்ள யூபிஎம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சின் ஹூங் ஃபோங் இந்த வகை விதைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே உலகளவில் அறியப்பட்டவர். கறிவேப்பிலை விதையும் நெடுநாள் தாங்காது. பழுத்ததும் சதையைக் கழுவிவிட்டு உடனே மண்ணில் போட வேண்டியதுதான்.

சேமிப்பில் நம் ஊரில் அடிக்கடி தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, டப்பா. மைலோ டின் ஒரு முறை திறந்த பிறகு காற்றைத் தடுக்காது. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தல்தான் சரி. சிலிக்கா ஜெல் இல்லையென்றால் அரிசியைச் சட்டியில் நன்றாக வறுத்து, சூட்டோடு மூடி ஆறவைத்துப் போத்தலின் அடியில் போட்டாலும் ஈரம் இழுக்கும். இரண்டாவது, திறக்கும் நேரம். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறந்தால் நம் காற்றின் ஈரம் குளிர்ந்த விதைமேல் நீராகப் படிந்துவிடும். சில மணி நேரம் வெளியே வைத்து, போத்தல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, வேண்டியதை எடுத்து உடனே மூடுங்கள். சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து வைத்தால் இந்தத் தொல்லையே குறையும். சொந்தமாக விதை எடுத்துக் காயவைக்கிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியைக் குறிவைக்கலாம். பினாங்கில் ஓரளவு மழை குறைந்த மாதங்கள் அவைதான். செப்டம்பர், அக்டோபரில் எதுவும் காயாது.

கடைசியாக, எல்லாருக்கும் வரும் சங்கடம் ஒன்று. சனிக்கிழமை கூட்டாக விதைக்கலாம் என்று வெள்ளி இரவு விதையை ஊறவைத்துவிட்டோம், சனி காலை மழை பிடித்துக்கொண்டது, பாத்தியில் கால் வைக்க முடியவில்லை. முதலில் விதையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். முளைவேர் வெளியே வந்துவிட்டதை உலர்த்த முயலாமல் அன்றே நாற்றுத் தட்டில் போடுங்கள், பிறகு பெயர்த்து நடலாம். முளைவேர் வராததைத் தாளில் பரப்பிக் காற்றாடியின் கீழ் அன்று பகல் முழுக்க வைத்து, மாலையில் சிலிக்கா ஜெல்லோடு போத்தலில் மூடி மறுநாள் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ விதைத்துவிட்டால் ஒன்றும் குறையாது. போத்தலின் மேல் தேதியோடு "ஊறவைத்தது" என்றும் எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் குழுவில் வேறு யாராவது அதைப் புது விதை என்று நினைத்து அடுத்த பருவத்துக்கு ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.